மெத்தை போட்ட வண்டி

செப்டம்பர் 12, வியாழன்

மதுரையில் நரம்பு டாக்டர் இந்த நோட்டைக் கொடுத்தார். மருந்துக் கம்பெனிக்காரர்கள் இலவசமாக விட்டுவிட்டுப் போனது. பின்னட்டையில் முதுகெலும்புப் படம்.

"எங்க வலிக்குது, எங்க மரத்துப் போகுது, எவ்வளவு நேரம் இருக்கு... தினமும் ரெண்டு வரி எழுதுங்க. நவம்பர் நாலாந்தேதி எடுத்துட்டு வாங்க" என்றார். என்னைவிட இருபது வயது இளையவர், நல்ல மாதிரி. முடிந்தால் ஓய்வெடுங்கள் என்றும் சொன்னார்.

பெயர் காளிராஜ். வயது ஐம்பத்து நான்கு. ஊர் சிவகாசி. சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி, 2007 மாடல். ஆவணி முடிந்ததும் காலண்டர் லோடு தொடங்கிவிடும். மார்கழி வரை வாரம் ஒரு தடவையாவது ஓசூர். போவதற்கு மட்டும் நானூற்றெழுபது கிலோமீட்டர்.

வலி: இடுப்பில். காரணம்: சீட். பஞ்சு அமுங்கிப்போய் ஸ்பிரிங் குத்துகிறது. ஆகவே சரிசெய்ய வேண்டியது இடுப்பை அல்ல, வண்டியை. இதை டாக்டரிடம் சொல்லத் தோன்றவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

சீட்டைக் கழற்றிக் குஷன் கடையில் கொடுத்தேன். பழைய பஞ்சை உருவியபோது இரண்டு பேனா, ஒரு சீப்பு, சுப்புத்தாயின் கொண்டை ஊசி ஒன்று கிடைத்தன. கல்யாணமானதிலிருந்து அவள் என்னோடு எல்லா லோடுக்கும் வருவாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்யப்போகிறேன் என்பாள். முட்டி வலி வந்ததிலிருந்து வருவதில்லை. ஆறு வருஷம் ஆயிற்று.

கெட்டி ஸ்பாஞ்ச் நான்கு அங்குலம், அதற்கு அடியில் தென்னை நார், முதுகு சாய்கிற இடத்தில் இடுப்புக்கு ஒரு மேடு. கடைக்காரரிடம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் வந்து, "உனக்காகத்தான் செய்றேன். இனிமே நீ வரலாம்" என்றேன்.

"எனக்காகவா?" என்று சிரித்தாள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

வலி இல்லை. மழை.

செப்டம்பர் 20, வெள்ளி

நேற்று ஓசூர் போய் இன்று திரும்பினேன். புது சீட் அருமை. சேலம் வரை ஒரு தடவைகூட இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கவில்லை. சீட் ஒன்றரை அங்குலம் உயர்ந்துவிட்டதால் பெடல் கொஞ்சம் தள்ளிப்போன மாதிரி இருக்கிறது. வலது பாதத்தில் பஞ்சு ஒட்டின மாதிரி ஓர் உணர்வு. சீட் விளிம்பு தொடையை அழுத்துகிறது. பழகினால் சரியாகும்.

பள்ளத்தில் விழுந்தால் வண்டி இன்னும் தூக்கித்தான் போடுகிறது. அடுத்தது அதுதான்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்னாசி பட்டறையில் முழுநாளும். இன்னாசியும் நானும் ஒரே லாரியில் கிளீனராக இருந்தவர்கள். அவன் அதை விட்டுவிட்டு மெக்கானிக் ஆனான், நான் டிரைவர் ஆனேன். முப்பது வருஷமாக என் வண்டியில் அவனைத் தவிர வேறு யாரும் ஸ்பேனர் வைத்ததில்லை.

பின்பக்க ஸ்பிரிங் பட்டையில் ஒன்றைக் கழற்றிவிடு, வண்டி மெதுவாகப் போகும் என்றேன்.

"பட்டையைக் கழட்டிட்டு காலண்டர் லோடு ஏத்துனா நடு ரோட்டுல படுத்துக்கும் மாப்ள. ஷாக்கை மாத்தித் தாரேன். புஷ் எல்லாம் தேஞ்சு போச்சு, அதையும் போட்டுர்றேன். போதும்" என்றான்.

அப்படியே செய்தான். சாத்தூர் வரை ஓட்டிப் பார்த்தோம். வேகத்தடை ஏறியதே தெரியவில்லை. அவன் கதவில் தாளம் போட்டுக்கொண்டே வந்தான்.

"பதினேழு வயசு வண்டிக்கு இம்புட்டுச் சீரா? பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விடப் போறியா?"

"சுப்புத்தாய் வரணும்ல."

"அப்ப சரி" என்றான்.

செப்டம்பர் 27, வெள்ளி

டீக்கடையிலிருந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு எதிர்வீட்டு அம்மா ஒரு செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, இது உங்களுதா? முக்குல கெடந்துச்சு." பார்த்தால் என்னுடையது. வலது காலில் செருப்பு இல்லாமல் பாதித் தெரு நடந்து வந்திருக்கிறேன்.

வார் தளர்ந்துவிட்டது. பின்னால் பட்டி வைத்த செருப்பு வாங்க வேண்டும்.

நான் சிரித்தேன். சுப்புத்தாய் சிரிக்கவில்லை. "நடக்கும்போது தெரியலயா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சா விட்டுட்டா வருவேன்?"

அக்டோபர் 3, வியாழன்

கதவுக்குப் புது ரப்பர் பீடிங். தரை முழுவதும் கெட்டியான ஃபெல்ட் துணி ஒட்டி, அதன்மேல் ரப்பர் மேட். நானே உட்கார்ந்து வெட்டி ஒட்டினேன். டேஷ்போர்டில் சின்ன ஃபேன். சுப்புத்தாய் பக்கம் கால் தொங்காமல் இருக்க ஒரு மரக்கட்டையைச் சீவி வைத்திருக்கிறேன். அதன்மேல் காலை வைத்துக்கொண்டால் முட்டி மடங்கியே இருக்காது.

வண்டியில் சத்தம் பாதியாகிவிட்டது. முன்பெல்லாம் டயரில் ஒரு சின்னக் கல் சிக்கினாலும் பாதத்துக்குத் தெரியும். கியர் எப்போது மாற்ற வேண்டும் என்று காது சொல்வதற்கு முன்னால் கால் சொல்லும். இப்போது வண்டி ஒன்றுமே சொல்லாமல் ஓடுகிறது. ஃபெல்ட் நல்ல தரம்.

அக்டோபர் 8, செவ்வாய்

ஓசூரிலிருந்து வந்து கால் கழுவ உட்கார்ந்தபோது சுப்புத்தாய் பார்த்துவிட்டாள். வலது குதிகாலில் பெரிய கொப்புளம். இந்த வண்டியில் இன்ஜின் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. தரைத்தகடு கொதிக்கும். ஃபெல்ட் ஒட்டாமல் விட்ட ஓரத்தில் குதிகால் பட்டிருக்க வேண்டும்.

மருந்து தடவினாள். "எரியுதா?"

"கொஞ்சம்."

எரியவில்லை. எரியவில்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி கேட்பாள்.

நாளை அந்த ஓரத்தில் வெப்பம் தடுக்கிற வெள்ளித்தாள் ஒட்ட வேண்டும்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்து மாலை போட்டோம். சுப்புத்தாய் அவள் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து பார்த்தாள். மரக்கட்டையில் காலை வைத்துக்கொண்டு, "வீட்டு நாற்காலியவிட நல்லா இருக்கு" என்றாள். அடுத்த லோடுக்கு வருகிறேன் என்றாள்.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றும்போது பிரேக் கொஞ்சம் பிந்திப் பிடித்தது. முன்னால் நின்ற சைக்கிளில் லேசாக இடித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

இன்னாசியிடம் போனேன். "பிரேக் பெடல் மெத்துன்னு இருக்குடா. மிதிச்சது மிதிக்காதது தெரிய மாட்டேங்குது."

அவன் ஏறி உட்கார்ந்து நாலைந்து தடவை மிதித்தான். "கல்லு மாதிரி நிக்குதே மாப்ள."

"எனக்குத் தெரியலயே."

"ரப்பர் மேட்டைக் கழட்டிப் போடு மொதல்ல. மெத்தை மேல மெத்தை போட்டு வச்சிருக்க." பெடலைச் சுற்றி மேட்டையும் ஃபெல்ட்டையும் கத்தியால் வட்டமாக வெட்டி எடுத்தான். மறுபடி மிதித்துப் பார்த்துவிட்டு, "ஒரு குறையும் இல்ல" என்றான்.

நான் விடவில்லை. சுப்புத்தாய் வரப்போகிறாள், எதற்கும் எல்லாவற்றையும் மாற்றிவிடு என்றேன். பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் புது ரப்பர் போட்டான். நாலு சக்கரத்துக்கும் புது லைனிங். எண்ணெய் புதிது. அவனுக்கு ஒன்றரை நாள் வேலை.

கிளம்பும்போது, "ஒன் காலு நல்லாத்தான இருக்கு? ஒரு மாதிரி எட்டு வச்சு நடக்குற" என்றான்.

"கொப்புளம்" என்றேன்.

அக்டோபர் 25, வெள்ளி

சுப்புத்தாயோடு ஓசூர் போய்த் திரும்பினோம். விடியும்போது கிளம்பி, திண்டுக்கல் தாண்டி வீட்டு இட்லியை ஓரமாக நிறுத்திச் சாப்பிட்டோம். அவள் ஃபேனை முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டு காவிரிப் பாலம் வரை பேசிக்கொண்டே வந்தாள். நாமக்கல்லில் ஒரு கடையில் மோர் நன்றாக இருந்தது என்று இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தாள். முட்டி வலிக்கவே இல்லையாம். ஆறு வருஷத்தில் நான் இப்படி ஒரு நாள் இருந்ததில்லை.

தொப்பூர் மலைச் சாலையில் கேட்டாள்: "ஏன் குனிஞ்சு குனிஞ்சு பாக்குறீக?"

"ரப்பர் மேட்டு ஒதுங்குது."

"மேட்டைத்தான் வெட்டியாச்சே."

பழக்கம் என்றேன். அதன்பிறகு அவள் அவ்வளவாகப் பேசவில்லை. களைப்பாக இருந்திருக்கும். வருகிற வழியிலும் வெளியே பார்க்காமல் உள்ளேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. இன்னாசி வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினோம்.

நவம்பர் 3, ஞாயிறு

நாளை டாக்டரிடம் போக வேண்டிய நாள். காலண்டர் கம்பெனியில் புதன்கிழமை லோடு சொல்லியிருக்கிறார்கள்; நாளை முழுக்கப் பண்டல் கட்டி ஏற்ற வேண்டும். அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம்.

புதன்கிழமையும் வருகிறேன் என்கிறாள் சுப்புத்தாய். வீட்டில் இரு, மழையாக இருக்கிறது என்றேன். "இல்ல, நானும் வாரேன்" என்று பிடிவாதம். சீட் அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது.

நவம்பர் 6, புதன்

விபத்து. வேடசந்தூர் தாண்டி. ஒரு பெண்ணுக்கு அடி. பிரேக் பிடிக்கவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

ஜாமீனில் வந்துவிட்டேன். எனக்கு நெற்றியில் மூன்று தையல். சுப்புத்தாய்க்குத் தோளில் பெல்ட் அழுத்தின தடம் மட்டும்.

காலை பத்து மணி இருக்கும். கிளைச்சாலை சேருகிற இடத்தில் ஒரு பஸ் ஓரமாக நின்றது. பஸ்ஸில் வெள்ளரிப் பிஞ்சு விற்றுவிட்டு அந்தப் பெண் கூடையோடு குறுக்கே வந்தாள். தூரத்திலேயே பார்த்துவிட்டேன். நிறுத்துவதற்கு நிறைய இடம் இருந்தது. மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. அவள் மேல் மோதி, பிறகு சாலையோரப் பாலத்துச் சுவரில் முட்டித்தான் நின்றது. வண்டிக்குக் கீழே எண்ணெய் ஒழுகியது.

நாலு பக்கமிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒருவன் கதவைத் திறந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான். அப்போது சுப்புத்தாய் என்மேல் விழுந்து மறைத்துக்கொண்டு கத்தினாள். "அடிக்காதீகய்யா! பிரேக்கு பிடிக்கல! பிரேக்கு பிடிக்கலய்யா! இப்பத்தான் மாத்துனது, அதுக்குள்ள போயிருச்சு!"

அவர்கள் கை நின்றது.

போலீஸ் கேட்டபோதும் அவள் அதைத்தான் சொன்னாள். நானும் அதைத்தான் சொன்னேன்.

அந்தப் பெண்ணின் பெயர் நாச்சம்மாள். பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 12, செவ்வாய்

நாச்சம்மாள் இறந்துவிட்டாள். ஸ்டேஷனிலிருந்து போன் செய்து சொன்னார்கள். வயது நாற்பத்தேழு. சுப்புத்தாய் போனை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்தாராம். பாலத்தில் முட்டியதில் பிரேக் பைப் அறுந்து எண்ணெய் பூராவும் கொட்டிவிட்டது. முட்டுவதற்கு முன்னால் பிடித்ததா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறார்.

பிரேக் வேலை கடைசியாக யார் செய்தது என்று கேட்டார்கள். சொன்னேன். இன்னாசியை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நவம்பர் 17, ஞாயிறு

மத்தியானம் இன்னாசி வீட்டுக்கு வந்தான். கோவிலுக்குப் போன வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தான். சுப்புத்தாய் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் காபியைத் தொடவில்லை.

"மாப்ள, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீ மிதிச்சப்ப பெடலு கல்லு மாதிரி நின்னுச்சா, பொதுக்குன்னு உள்ள போச்சா?"

நான் காபி டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"கல்லு மாதிரி நின்னு வண்டி நிக்கலன்னா அது வேற. உள்ள போச்சுன்னா ரப்பரு மடங்கியிருக்கு. அது நான் போட்ட ரப்பரு. நல்லா ரோசிச்சுச் சொல்லு."

"உள்ள போச்சு" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். ரொம்ப நேரம் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, "ஒனக்கும் தங்கச்சிக்கும் ஒண்ணும் ஆகல. அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நவம்பர் 19, செவ்வாய்

வலி இல்லை.

நவம்பர் 22, வெள்ளி

சாத்தூர் ரோட்டுப் பக்கம் போனேன். இன்னாசி பட்டறை சாத்தியிருந்தது. வேலை நாளில் அது சாத்தியிருந்து நான் பார்த்ததில்லை. பக்கத்து டயர் கடைக்காரர் சொன்னார்: அரைகுறையாக நின்ற மூன்று வண்டியையும் வேறு பட்டறைக்கு அனுப்பிவிட்டானாம். பிரேக் பக்கம் இனிமேல் கையே வைக்க மாட்டேன் என்றானாம்.

"யாரும் அவரைக் கொறை சொல்லலண்ணே. அவராத்தான் சொல்லிட்டுத் திரியுறாரு, எங்கையால ஒரு உசுரு போயிருச்சுன்னு. முந்தாநாத்து அந்தம்மா வீட்டுக்கே போயிட்டாரு. அந்தம்மா புருசன் கால்ல விழுந்தாராம். அவரு தூக்கிவிட்டு, சோறு போட்டு பஸ் ஏத்தி விட்டாராம். அப்படியும் ஒரு மனுசன்."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை.

நவம்பர் 23, சனி

டயர் கடைக்காரர் சொன்னதைச் சுப்புத்தாயிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அன்னைக்கி நான் ரோட்டைப் பாக்கல. ஒங்க காலைத்தான் பாத்துக்கிட்டு வந்தேன்."

"தெரியும்."

"காலு பிரேக்குல இல்ல."

"தெரியும்" என்றேன். அது பொய். எனக்குத் தெரியாது. அன்று என் கால் எங்கே இருந்தது என்று இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது. மிதித்தேன், முழு பலத்தோடு மிதித்தேன். எதை மிதித்தேன் என்று தெரியவில்லை.

"அது பக்கத்துல இருந்துச்சு. வேகம் கூடுச்சு" என்றாள். "அவங்க ஒங்களக் கொன்னு போட்டுருவாங்கன்னுதான் அப்படிக் கத்துனேன். அது இன்னாசியண்ணன் தலையில போய் விழும்னு அப்பத் தோணல. தோணியிருந்தாலும் கத்தியிருப்பேன். அதுதான் எனக்குத் தாங்கல."

இந்த நோட்டில் முதல் பக்கத்தில் எழுதியது சரியில்லை. டாக்டர், முடிந்தால் ஓய்வெடுங்கள் என்று சொல்லவில்லை. என் வலது பாதத்தில் ஊசியால் ஆறு இடத்தில் குத்தினார். கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னார். நான் ஒரே ஒரு இடத்தைச் சொன்னேன். "காளிராஜ், இனிமே நீங்க வண்டி ஓட்டவே கூடாது. ஆபரேஷன் ஆகி, கால்ல உணர்ச்சி வந்து, நான் சொல்ற வரைக்கும் சைக்கிள்கூட வேண்டாம்" என்றார். இரண்டு தடவை சொன்னார். புரிந்தது என்று தலையாட்டினேன். வெளியே வந்து வண்டியில் ஏறி மதுரையிலிருந்து சிவகாசி வரை நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். அன்று ஒன்றும் ஆகவில்லை. அதனால் மறுநாளும் ஓட்டினேன்.

நவம்பர் 24, ஞாயிறு

இன்னாசி வீட்டில் இல்லை. பட்டறையில் இருந்தான். ஷட்டரை முட்டி உயரத்துக்குத் தூக்கிவிட்டு, உள்ளே இருட்டில் ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தான். நான் குனிந்து உள்ளே போனேன்.

"பெடலு கல்லு மாதிரிதான்டா நின்னிருக்கும். நான் மிதிக்கவே இல்ல" என்றேன்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. டாக்டர் சொன்னது, ஊசி, செருப்பு, கொப்புளம் எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் எழுந்து வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்தான். என் செருப்பைக் கழற்றினான். தரையில் கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பெருவிரலுக்குக் கீழே அழுத்தினான்.

"தெரியுதா?"

"இல்ல."

இன்னும் அழுத்தினான். லேசாக ரத்தம் வந்தது. அதைப் பார்த்ததும்தான் அவனுக்கு அழுகை வந்தது.

"பதினெட்டு நாளுடா. பதினெட்டு நாளா கண்ண மூடுனா நான் ரப்பரைத் திருப்பிப் போட்டேனா, நேரா போட்டேனான்னுதான் ஓடிக்கிட்டு இருக்கு. எம்பேரப்பிள்ளையத் தூக்கக்கூட எங்கைய நம்ப முடியல. வந்து கேட்டேன்ல? ஒன் வீட்டுக்கே வந்து கேட்டேன்ல?"

"கேட்ட."

"உள்ள போச்சுன்ன."

"ஆமா."

என் சட்டையைக் கழுத்தருகே பிடித்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். விட்டுவிட்டு ஷட்டரை முழுவதும் தூக்கினான். வெளிச்சம் வந்தது. "கெளம்பு. எங்க போய்ச் சொல்லணுமோ அங்க போய்ச் சொல்லு. அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராத" என்றான். மாப்ள என்று சொல்லவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

ஸ்டேஷனுக்கு நானும் சுப்புத்தாயும் போனோம். வாக்குமூலத்தை மாற்ற வேண்டும் என்றேன். ஏட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்யா, பிரேக்குன்னே கேஸ் போய்க்கிட்டு இருக்கு. ஒனக்கு நல்லதுதான அது? கால் வராதுன்னு தெரிஞ்சே ஓட்டுனேன்னு எழுதிக் குடுத்தா அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். டாக்டர் சீட்டையும் கொடுத்தேன். சுப்புத்தாயும் தனியாக எழுதிக் கொடுத்தாள்.

வண்டி ஸ்டேஷன் வளாகத்தில் நிற்கிறது. முன்பக்கம் நொறுங்கியிருக்கிறது. உள்ளே சீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

டாக்டரைப் பார்த்தேன். நோட்டைக் கேட்டார். கொண்டுவரவில்லை என்றேன். நடந்ததைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்தார். ஆபரேஷனுக்கு ஜனவரியில் தேதி தந்திருக்கிறார். உணர்ச்சி திரும்பும் என்று உறுதி இல்லை, இன்னும் மோசமாகாமல் தடுக்கலாம் என்றார்.

டிசம்பர் 1, ஞாயிறு

நாச்சம்மாள் வீட்டுக்குப் போனோம். இரண்டு பஸ் மாறி, கிளைச்சாலையில் இறங்கி நடந்தோம். நான் தனியாகப் போகிறேன் என்றதற்கு, "பொய்ய மொதல்ல சொன்னது நான்" என்று சுப்புத்தாய் கூடவே வந்தாள்.

நாச்சம்மாளின் கணவர் பெயர் கருப்பணன். நூல் மில்லில் வேலை. அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. நாங்கள் யார் என்று சொன்னோம். அவர் உள்ளே போய் இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார். செம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"அந்த மெக்கானிக் அண்ணன் வந்திருந்தாருங்க. பாவம், குலுங்கிக் குலுங்கி அழுதாரு. மிஷினு எப்ப மக்கர் பண்ணும்னு யாருக்குத் தெரியும், மில்லுல நான் பாக்காததாங்க? யாரையும் நொந்துக்க ஒண்ணும் இல்லீங்க. அப்படித்தான் மனசத் தேத்தி வச்சிருக்கறேன்" என்றார்.

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுப்புத்தாய் தான் கத்தியதைச் சொன்னபோது மட்டும் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"டாக்டரு ஓட்டக் கூடாதுன்னு எப்பச் சொன்னாருங்க?" என்று கேட்டார்.

"செப்டம்பர் பன்னெண்டு."

"இவ போனது நவம்பரு."

"ஆமா."

"ரெண்டு மாசம்" என்றார். தனக்குத் தானே இன்னொரு தடவை சொல்லிக்கொண்டார். "ரெண்டு மாசம்."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பிரேக்குன்னு இருந்த வரைக்கும் எனக்கு யார் மேலயும் கோபம் இல்லீங்க. ராத்திரி படுத்தா தூக்கம் வந்துச்சு. நீங்க உங்க பாரத்த எறக்கி வச்சிட்டீங்க. நான் இத எங்க கொண்டு போய் வைக்கட்டும்?"

அவர் எழுந்தார். நாங்களும் எழுந்தோம்.

"போங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தவர்களை யாரும் அப்படி அனுப்புவதில்லை. எதிரியைக்கூடப் போயிட்டு வாங்க என்றுதான் சொல்வார்கள். அவர் போங்க என்று மட்டும்தான் சொன்னார், சத்தம் போடாமல்.

வாசலில் இரண்டு படி. சுப்புத்தாய் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப வைங்க" என்றாள். வைத்தேன். "அடுத்தது" என்றாள். பின்னால் நாற்காலியை எடுக்கிற சத்தமோ கதவு சாத்துகிற சத்தமோ கேட்கவில்லை. நான் இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.